செந்தூலில் இரண்டு முறை ‘இல்லை’ என்று எழுதினேன்

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் நான்கு மணி நேரம்தான். ஆனாலும் திரும்பிப் போக எனக்கு ஆறு வருடம் ஆனது. வேலை பெர்மிட்டில் நான்கு வருடம் செந்தூலில் குடியிருந்தவன் நான். அந்த நான்கு மாடி ஃபிளாட்டை இடித்துவிட்டு, கீழே கடைகளும் மேலே வீடுகளுமாக முப்பத்தெட்டு மாடி எழுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் மூன்று நாள் விடுப்பில் கிளம்பினேன். கட்டடத்தைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். பார்க்க வேண்டியிருந்தது புஷ்பாக்காவை.

தங்கியது பிரிக்ஃபீல்ட்ஸில், இரவுக்கு 95 ரிங்கிட். ஜன்னல் இல்லாத அறை, ஆனால் கேஎல் சென்ட்ரலுக்குப் பத்து நிமிட நடை. அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் செந்தூலுக்குக் கால் மணி நேரம், கட்டணமும் சொற்பம். ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்குத் தேவுடு காக்க வேண்டும். வழக்கம்போல நான் விட்டேன். காரில் ஆறு கிலோமீட்டருக்கு 14 ரிங்கிட் அழுதேன்.

“அங்க என்ன அண்ணே பாக்கப் போறீங்க? எல்லாம் அடுக்குமாடி கொண்டோதான் லா” என்றார் டிரைவர்.

“பழைய ஃபிளாட் ஆளுங்க இருக்காங்களா?”

“இருக்காங்க. மேல வீடு குடுத்துட்டாங்க. கீழ யாவாரம் பண்ணவங்க பாதிப் பேரக் காணோம்.”

அந்தப் பாதிப் பேரில் புஷ்பாக்காவும் இருப்பாரோ என்று பயந்தேன். காரணம் இருக்கிறது. புஷ்பாக்கா தரைத்தளத்து வீட்டின் சமையலறை ஜன்னல் கம்பி வழியாகப் பத்தொன்பது வருடம் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்றவர். விடிந்ததும் வாழையிலைப் பொட்டலங்கள் வரிசையாக இருக்கும். நான்கு வருடம் என் காலைச் சாப்பாடு அதுதான். லைசென்ஸ் என்று எதுவும் கிடையாது. ஃபிளாட்டை இடிப்பதற்கு முன் கட்டுமான நிறுவனத்து ஆட்கள் வீடு வீடாக ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். “தம்பி, நீ படிச்சவன், பாத்து எழுது” என்று புஷ்பாக்கா அதை என்னிடம் நீட்டினார். இந்த வீட்டில் வியாபாரம் நடக்கிறதா என்று ஒரு கேள்வி. பெர்மிட்காரனுக்கு எந்த ஃபாரத்தைக் கண்டாலும் நடுக்கம். “இல்லைன்னு போட்டுடலாம்க்கா, லைசென்ஸ் கேட்டா வீடே போயிடும்” என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லி, நானே டிக் அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

‘ஆமாம்’ என்று எழுதியவர்களுக்குக் கீழ்த்தளத்தில் சலுகை வாடகைக்கு ஸ்டால் கிடைத்தது என்பது ஊருக்கு வந்த பிறகுதான் என் காதுக்கு எட்டியது.

கட்டடத்தைக் குறை சொல்ல மாட்டேன். பழைய ஃபிளாட்டில் கூரை ஒழுகும், மூட்டுவலிக்காரர்கள் நான்கு மாடியும் ஏறிச் சாவார்கள். இங்கே லிஃப்ட் இருக்கிறது, கிளினிக் இருக்கிறது, ரயில் நிலையம் வரை மழையில் நனையாமல் நடக்கலாம். காலை 7.40க்கு ஃபுட்கோர்ட்டில் உட்கார்ந்து 3.50 ரிங்கிட்டுக்கு ஒரு நாசி லெமாக் வாங்கினேன். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. அதே மிளகாய்ச் சம்பல், புளி ஒரு சிட்டிகை தூக்கலாக! அப்பாடா, ஸ்டால் கிடைத்துவிட்டது என்று துள்ளி எழுந்து போனேன்.

பலகையில் வேறு பெயர். பழைய ஃபிளாட்டிலேயே குடியிருந்து, வாசலில் கார் டிக்கியில் வைத்து விற்றவருடைய பெயர். உள்ளே ஏப்ரன் கட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார் புஷ்பாக்கா.

“ஐயோ தம்பி! எப்ப வந்த? இளைச்சிட்டியே லா!”

“இங்க வேலை பாக்குறீங்களா அக்கா?”

“ஆமா, சம்பளத்துக்கு. மேல இருபத்திமூணாவது மாடியில வீடு, நல்லா காத்து வருது. ஆனா அங்க சமைச்சு விக்கக் கூடாதாம், லெட்டர் போட்டுட்டாங்க.”

என்னால் தாங்க முடியவில்லை. “என்னாலதான் அக்கா. அந்த ஃபாரத்துல நான் எழுதினதுதான்” என்று சொல்லிவிட்டேன்.

“அட போ! நீ நல்லதுக்குத்தான சொன்ன” என்று கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய், ஒரு தாளை எடுத்து வந்தார். “நல்ல நேரத்துல வந்த. மூலையில ஒரு ஸ்டால் காலியாவுது. இத எழுதிக் குடு.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பெயர், வீட்டு எண், தொலைபேசி. ஐந்தாவது கேள்வி: இதற்கு முன் இந்த இடத்தில் வியாபாரம் செய்ததுண்டா? பழைய வியாபாரிகளுக்கு முன்னுரிமை என்று கீழே அச்சடித்திருந்தது. பத்தொன்பது வருடம் என்று எழுதப் போனேன். புஷ்பாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் தம்பி. அப்ப இல்லன்னு போட்டோம்ல? இப்ப மாத்திப் போட்டா பொய் சொன்னேன்னு வீட்டப் புடுங்கிருவாங்க. கையெழுத்து என்னுது லா.”

அப்படியெல்லாம் பிடுங்க மாட்டார்கள், ஆபீசில் நான் வந்து பேசுகிறேன் என்று அரை மணி நேரம் மன்றாடினேன். அவர் அசையவில்லை. அவருக்கு அந்தப் பயத்தைக் கொடுத்ததே நான்தானே, எந்த முகத்தோடு அதை எடுக்கச் சொல்வேன்? ‘இல்லை’ என்று டிக் அடித்துக் கொடுத்தேன்.

போகிறவர்களுக்கு: காலை எட்டுக்குள் போய்விடுங்கள், ஒன்பதுக்கெல்லாம் நாசி லெமாக் தீர்ந்துவிடும். சனி, ஞாயிறு கூட்டம் அதிகம். நீங்கள் குடியிருக்கும் பேட்டையையும் இப்படி இடித்துக் கட்ட வருவார்கள், ஃபாரம் நீட்டுவார்கள். இட்லி விற்றால் இட்லி என்று எழுதுங்கள், தையல் என்றால் தையல் என்று எழுதுங்கள். என்னைப் போல நாலு எழுத்து படித்தவன் எவனாவது வேண்டாம் என்று சொன்னால், அவனிடமிருந்து பேனாவைப் பிடுங்கிவிடுங்கள்.