குனிய மறுத்த தம்பியைத் தேடிப் பன்னிரண்டு மைல்

போன பெரிய வியாழக்கிழமை செம்பவாங்கிலிருந்து செராங்கூன் சாலைக்குப் போய்வந்தேன். போக மட்டும் பன்னிரண்டு மைல். ஊர் பார்க்கப் போகவில்லை. அதற்கு ஐந்து நாள் முன்பு என் தம்பி சவரிமுத்துவை ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிவிட்டார்கள். சயாம் ரயில் பாதைக்கு அனுப்பும்வரை ஆட்களை ஒரு கொட்டகையில் அடைத்திருப்பதாகவும், செராங்கூன் சாலை மாதா கோயில் சாமியார் போய்க் கேட்டால் ஒன்றிரண்டு பேரை விடுவதாகவும் கேள்விப்பட்டேன். அவர் காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

புறப்பட்டபோது கடிகாரத்தில் மணி ஏழு. இப்போதெல்லாம் ஜப்பான்காரர்கள் வைத்த தோக்கியோ நேரம் அல்லவா, வானத்துச் சூரியனுக்கு ஐந்தரைதான். டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிள் என்பதால் இறக்கத்தில் மட்டும் ஏறி, மற்ற இடமெல்லாம் தள்ளிக்கொண்டு நடந்தேன். நீ சூன் என்ற ஊரில் முதல் ஜப்பான் காவல். தாம்சன் சாலையில் இரண்டு. பாலஸ்டியர் முனையில் ஒன்று. நான்கிலும் தொப்பியைக் கழற்றி இடுப்பு வளையக் கும்பிட்டேன். எனக்கு இது பழகிப்போனது. துறைமுகப் பட்டறையில் கணக்கெழுதுகிறவன் நான், காலையும் மாலையும் வாசலில் குனிந்தால்தான் அரிசி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஞாயிறுதோறும் எங்கள் செம்பவாங் கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவனும் நான்தான். ஆண்டவரைத் தவிர எவன் முன்னாலும் தலை குனியாதே என்று தொண்டை கிழியச் சொன்னேன். கேட்டவர்களில் என் தம்பி மட்டும் அதை அப்படியே நம்பிவிட்டான். தான் வேலை செய்த தையற்கடைக்குக் காவல் இல்லாத சந்துகளாகப் பார்த்துப் போய்வந்தான். அந்த வியாழனுக்கு முந்தின சனிக்கிழமை அந்தச் சந்திலும் ஒரு சிப்பாயை நிறுத்திவிட்டார்கள். தம்பி குனியாமல் நிமிர்ந்தே நின்றானாம், லாரியில் ஏற்றிவிட்டார்கள். நான் பட்டறை வாசலில் குனிவதை அவனிடம் நான் சொன்னதே இல்லை. வெட்கம்.

கோயிலை அடைந்தபோது மணி பத்தேகால். பூசை முடிந்து பாதம் கழுவும் சடங்கு தொடங்கியிருந்தது. பன்னிரண்டு ஆண்கள் உட்கார வேண்டிய பெஞ்சில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். சாமியார் என்னைப் பார்த்துக் கையசைத்தார். புழுதிக் காலோடு போய் உட்கார்ந்தேன். அறுபது வயது மனிதர் என் முன்னால் மண்டியிட்டு, என் காலைத் தூக்கித் தாம்பாளத்தில் வைத்தார். தண்ணீர் ஊற்றியபடியே, தலை நிமிராமல் பேசினார்.

"உன் தம்பி விஷயம் கேள்விப்பட்டுச் செவ்வாக்கிழமையே போனேன்பா. அந்த ஆபீசர் முன்னால இப்படித்தான் மண்டி போட்டேன். சிரிச்சான்."

தம்பி எங்கே என்று கேட்டேன்.

"நேத்து ரயில் ஏத்திட்டாங்க."

துண்டால் என் காலைத் துடைத்து, முத்தமிட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.

ஆண்டவர் சீடர்களின் அழுக்குக் காலுக்குக் குனிந்தார் என்பதை எத்தனை ஞாயிறு சொல்லியிருப்பேன்! குனிவதில் கௌரவம் போகாது என்பதுதான் அதன் பொருள் என்று என் மரமண்டைக்கு அன்றுதான் உறைத்தது. தம்பிக்கு இதையல்லவா சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இதிலும் எனக்கு ஆறுதல் இல்லை. ஆண்டவர் எல்லா வல்லமையும் கையில் இருக்கும்போதே குனிந்தார், அது தாழ்மை. கையில் ஒன்றுமே இல்லாத நானும் சாமியாரும் குனிவதற்கு என்ன பெயர்? அந்த வல்லமை செவ்வாய்க்கிழமை எங்கே போயிருந்தது? ஜெபிக்க உட்கார்ந்தேன், பாதியில் எழுந்துவிட்டேன்.

வெளியே ஒரு இலை அவித்த மரவள்ளிக்கிழங்கு, ஜப்பான்காரர்களின் வாழைமரப் படம் போட்ட நோட்டில் ஒரு வெள்ளி. வாங்கினேன், தின்ன முடியவில்லை. திரும்பும்போது அதே நான்கு காவல், அதே கும்பிடு. வீடு சேர மணி ஐந்தாகிவிட்டது.

இந்த வழியில் ஆள் தேடிப் போகிறவர்கள் குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தாம்சன் சாலையில் கிடைக்காது. காவலைக் கண்டதும் இருபது அடி முன்பே சைக்கிளை விட்டு இறங்குங்கள். தலையை மட்டும் ஆட்டினால் போதாது, அறை விழும். முக்கியமாக, கேள்விப்பட்ட அன்றே கிளம்புங்கள். நான் லீவு கேட்கப் பயந்து நான்கு நாள் இருந்துவிட்டேன்.

சயாம் பக்கம் போகிறவர் யாராவது இதைப் படித்தால்: பெயர் சவரிமுத்து, வயது இருபத்திரண்டு, இடது புருவத்தில் தழும்பு. அண்ணன் தினமும் இரண்டு வேளை குனிகிறான் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.