பலகை அளவு சமதரை

எங்கள் மாட்டுக் கொட்டாய்க்குத் தரை போட்டது நான்தான். கல்யாணத்துக்கு முன்னால் போட்டது. வாட்டம் வைத்துப் போட்டேன். பின்சுவரிலிருந்து வாசல் வரைக்கும் தரை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து வரும். மாட்டு மூத்திரமும் கழுவுகிற தண்ணீரும் தேங்காமல் வெளியே ஓடிவிட வேண்டும், அதற்காக. நான் கொத்து வேலை செய்கிறவன். எட்டாவதோடு நின்றவன். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரியும். மற்றது அதிகம் தெரியாது.

ஒரு வறட்சியில் தீவனம் கிடைக்காமல் அம்மா மாடுகளை விற்றுவிட்டாள். கொட்டாய் சும்மா கிடந்தது. கல்யாணமாகி வந்த என் மனைவி அதைக் கேட்டாள். கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒரு ட்யூப் லைட் மாட்டிக் கொடுத்தேன்.

அவள் டிப்ளமோ படித்தவள். ஓசூரில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயம் வைக்கிற வேலை பார்த்தவள். எங்கள் ஊரான ஏரியூருக்கு வந்தபின் அங்கே தினமும் போய்வர முடியாது. வேலை போயிற்று. கொஞ்ச நாள் சும்மா இருந்தாள். அப்புறம் போனில் பார்த்துப் பார்த்து, கூரியரில் சாமான் வரவழைத்து, நடக்கிற இயந்திரம் ஒன்று செய்ய ஆரம்பித்தாள். இரண்டு கால். ஒரு முழ உயரம். பாதத்துக்கு என் பழைய செருப்பை அறுத்து ரப்பர் ஒட்டியிருந்தாள்.

ஊரில் சும்மா விடுவார்களா? சாரத்தின் மேல் நிற்கும்போதே கீழேயிருந்து கேட்பார்கள்.

"ஏம்ப்பா மேஸ்திரி, உம் பொண்டாட்டி செய்யற ஆளு சித்தாளு வேலைக்கு வருமா?"

"வந்தா நல்லதுதான. டீ கேக்காது, வெத்தல கேக்காது."

"கல்லு தூக்கறதுக்கு மொதல்ல அது நிக்கோணுமில்ல!"

அது உண்மை. மாதக்கணக்கில் அது நிற்கவே இல்லை. தொப்பென்று விழும் சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். அம்மா ஒவ்வொரு தடவையும் "விழுந்துருச்சு" என்பாள்.

ஒரு நாள் என் மனைவி நகம் அளவு சில்லு ஒன்றைக் கையில் வைத்துக் காட்டினாள்.

"இதாங்க சென்சார். இதுதான் அதுக்குக் காது. சாஞ்சா இதுக்குத் தெரியும். எது நேர்னு நாம ஒருதடவ காட்டிக் குடுத்துரணும். அப்புறம் அத வெச்சுத்தான் கால மடக்கும், நீட்டும்."

"எங்க ரசமட்டம் மாதிரியா?"

"அதே மாதிரிதாங்க. உங்களுதுல நீங்க குமிழிய பாக்கறீங்க. இது தானா பாத்துக்கும்."

மறுநாள் என் மூலைமட்டத்தைக் கேட்டாள். இரும்பில் எல் வடிவத்தில் இருக்கும், சுவர் தரைக்குச் செங்குத்தா என்று வைத்துப் பார்ப்பது. கொடுத்தேன். எதற்கென்று கேட்கவில்லை.

அதற்கப்புறம் இயந்திரம் நின்றது. பின்சுவர்ப் பக்கம் வைத்தால் வெளிச்சம் இருக்கிற வாசலைப் பார்த்து, கிழவர்கள் நடப்பதுபோல ஒவ்வொரு அடியாக வந்தது. அம்மாவும் வந்து பார்த்தாள். விழுந்துவிட்டது என்று சொல்ல அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

தர்மபுரிப் பக்கம் ஒரு தனியார் காலேஜில் லேப்புக்கு ஆள் எடுப்பதாக அவளுடைய சிநேகிதி சொன்னாள். போனில் கேட்டதற்கு, செய்ததை எடுத்து வந்து காட்டுங்கள் என்றார்கள். அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"வேல கெடைச்சா கொட்டாய அவளே வெச்சுக்கட்டும். இல்லீன்னா நான் மாடு புடிச்சுக் கட்டுவேன். பொம்ம பால் கறக்காது."

என் மனைவி, "சரிங்க அத்தை" என்றாள்.

துண்டில் சுற்றி, ஒயர் கூடையில் வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். காலேஜில் ஒரு மேடமும் இரண்டு சார்களும் இருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். பெரிய கூடம், டைல்ஸ் தரை. போட்டவனுக்கு நல்ல கை. தண்ணீர் ஊற்றினால் ஊற்றின இடத்திலேயே நிற்கும்.

அவள் இயந்திரத்தை இறக்கி வைத்தாள். அது நிமிர்ந்தது. உடனே முன்னால் சாய்ந்து குப்புற விழுந்தது. எடுத்து வைத்தாள். மறுபடி குப்புற. ஒயர்களை அழுத்திப் பார்த்துவிட்டு வைத்தாள். இன்னொரு தடவையும் விழுந்தது.

"வீட்ல நடந்துச்சாம்மா?" என்றார் ஒரு சார்.

"நடந்துச்சு சார்."

"வீட்டையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்." இன்னொரு சார் சிரித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. "மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் பாக்கறேன்" என்றார்.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. விடிந்ததும், "கம்பைநல்லூர் போயிட்டு வர்றனுங்க" என்றாள். அது அவள் அம்மா வீடு. இயந்திரத்தைக் கொட்டாயிலேயே போட்டுவிட்டுப் போனாள். அம்மா மாடு விசாரிக்கப் புறப்பட்டாள்.

மறுநாள் வேலை முடித்து வந்து டீயை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளரைப் பக்கத்தில் வைத்தேன். டீ ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது. வாசல் பக்கம் விளிம்பைத் தொடுகிற மாதிரி இருந்தது.

டீ ஆறிவிட்டது. ரசமட்டத்தை எடுத்து வந்து தரையில் வைத்தேன். குமிழி பின்சுவர்ப் பக்கம் ஓடிற்று. மூலைமட்டம் இயந்திரத்தின் பக்கத்திலேயே கிடந்தது. சரிந்த தரைக்குச் செங்குத்தாக நிறுத்தி, இதுதான் நேர் என்று அதற்குக் காட்டியிருக்கிறாள். வாசலைப் பார்த்து முன்னால் சாய்ந்திருந்ததை நேர் என்று அது படித்துக்கொண்டது. காலேஜில் சமதரையில் நிறுத்தினதும், பின்னால் சாய்ந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கும். இல்லாத சாய்வைச் சரி பண்ணப் போய் விழுந்தது.

போனை எடுத்தேன். அவள் பேர் வரைக்கும் போனேன். வைத்துவிட்டேன். போனில் பேசி எனக்கு வராது. செய்து வைத்துவிட்டால் வந்து பார்ப்பாள் என்று நினைத்தேன்.

சிமெண்ட், மணல், ஜல்லி இறக்கினேன். வேலைக்கு லீவு சொன்னேன். தாழ்ந்த பக்கத்தை உயர்த்தி, ட்யூப்பில் தண்ணீர் மட்டம் பிடித்து, கொட்டாய் முழுக்கச் சமமாகப் போட்டு, மேலே சிமெண்ட் பால் விட்டு வழவழவென்று தேய்த்தேன். அம்மா வாசலில் நின்று கத்தினாள்.

"ஏண்டா, மூத்தரம் எங்கடா போவும்? உன் தலைலயா ஊத்தறது?"

"மாடு வராதும்மா."

அதற்கப்புறம் அம்மா என்னோடு பேசவில்லை. தரை இறுகத் தண்ணீர் கட்டி வைத்தேன். தினமும் ஊற்றினேன்.

மாசக் கடைசி நெருங்கியதும் என் மனைவி தானே வந்தாள். தரை காய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"மூலமட்டத்த நான்தான வாங்குனேன். எனக்குத் தோணவே இல்லீங்களே."

உட்கார்ந்தபடியே தரையைத் தடவினாள்.

"இதுக்கா எல்லாத் தரையும் போட்டீங்க? ஒரு பலகை அளவு சமமா இருந்தாப் போதுமுங்க. அதுல நிறுத்தி நேரு எதுன்னு ஒருதடவ காட்டிட்டா, அப்புறம் சரிவு வந்தாக்கூட அதுவே சுதாரிக்கும். அதப் பழக்கறதுக்கு அந்தப் பழைய தரைதான் வேணும்."

ரசமட்டத்தை எடுத்துச் சுவரோரம் சாத்தினேன்.

"ஒரு போன் பண்ணியிருந்தா மறுநாளே வந்திருப்பேன். மோட்டார் போயிருச்சு, எல்லாம் போச்சுன்னு அங்க ஒக்காந்துட்டு இருந்தேன்."

அன்றே சரி செய்தாள். அடுத்த நாள் போனோம். அதே கூடம், அதே டைல்ஸ். இயந்திரம் நிமிர்ந்தது. நின்றது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தது. சிரித்த சார் விரலால் அதன் தோளைத் தள்ளினார். ஒரு காலைப் பின்னால் வைத்துத் தாங்கிக்கொண்டது. மேடம் போனில் படம் பிடித்தார்.

அப்புறம், "நேத்துதான்மா ஒருத்தரச் சேர்த்தாங்க. மேலிடத்துல அவசரப்படுத்திட்டாங்க. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம். அடுத்து எடம் வந்தா போன் பண்றேன்" என்றார்.

திரும்ப பஸ் ஏறினோம். பென்னாகரத்தில் பாதிப் பேர் இறங்கினார்கள். என் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"மூலமட்டம் வாங்கறப்ப, இது எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனில்லீங்க?"

"ம்."

"கேக்கவே மாட்டீங்களா?"

கூடையை அவள் மடியிலிருந்து வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் புங்கமரத்தடியில் செவலை மாடு ஒன்று நின்றது. அம்மா தீவனம் காட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மழை பிடித்தது. அம்மா மாட்டோடு பேசினாள், எனக்குக் கேட்கும்படி.

"நனை சாமி, நனை. உனக்கு வூடு கட்டுன மவராசன் தரைய நல்லாத் தேச்சு வெச்சிருக்கான். மனுசன் மொகம் பாத்துக்கலாம்."

என் மனைவிதான் போய்க் கயிற்றை அவிழ்த்து மாட்டைக் கொட்டாய்க்குள் இழுத்து வந்தாள். உள்ளே வந்ததும் அது மூத்திரம் விட்டது. மூத்திரம் எங்கேயும் ஓடவில்லை. அப்படியே குளமாக நின்றது. மாடு திரும்ப முயன்றது. பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கம் வழுக்கின. முட்டி தரையில் இடித்தது. அம்மா அலறினாள். என் மனைவி சாக்கை இழுத்து வந்து குளம்புக்குக் கீழே திணித்தாள். நான் வாலைப் பிடித்துத் தூக்கினேன். நடுங்கிக்கொண்டு எழுந்து நின்றது. கால் ஒடியவில்லை.

மூன்று பேருமே நனைந்திருந்தோம். அம்மா மாட்டின் காலை நீவிக்கொண்டிருந்தாள்.

என் மனைவி சொன்னாள்: "தரைய ஒடைச்சு மறுபடி வாட்டம் போட்டுருங்க."

"அப்ப நீ?"

"அந்த மூலைல ஒரு பலகை அளவு மட்டும் விட்டுருங்க."

உடைத்தேன். புதுத் தரை, உளி ஏறச் சிரமப்பட்டது. மாடு வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாக வாட்டம் போட்டேன். மூலையில் ஒரு பலகை அளவை விட்டேன். ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது.

இப்போது அந்தத் துண்டில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சரிவில் இறக்கிப் பழக்குகிறாள். விழுகிறது. மாடு கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். அம்மா மறுபடி "விழுந்துருச்சு" என்கிறாள். மேடம் போன் செய்யவில்லை.

நேற்று என்னிடம் தூக்குக்குண்டு கேட்டாள், நூலில் தொங்கவிட்டுச் சுவர் நேரா என்று பார்ப்பது. எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு நின்றேன்.

"எதுக்கு?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். சொன்னாள். பாதிதான் புரிந்தது.