பிளாஸ்டிக் புல்லும் பதினோரு ஆடுகளும்

நாத்தனாரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும் அண்ணி உண்டா என்று கேட்பார்கள். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரரின் தங்கை பிடிவாதக்காரி, வாய்த்துடுக்குக்காரி. என் சமையலில் உப்பு சரியாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அடுத்தவர் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூடத் தொட்டவளில்லை. அவளைத் திருடி என்று சொன்னவன் நாசமாய்ப் போகட்டும்.

அறுபது வீடுகள் உள்ள குடியிருப்பு அது. நடுவே இருக்கும் புல்வெளியை அவள்தான் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டாள். எல்லோருக்கும் அவள் புல்லம்மா. நான் அங்கேயே வாசலோரம் ஒரு கொட்டகையில் துணி தேய்ப்பவள். மழை பொய்த்த அந்த வருடம், குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வந்தது. அவள் பதறவில்லை. வெட்டும் இயந்திரத்தின் கத்தியை உயர்த்திவைத்து, புல்லை நாலு விரல் உயரத்துக்குக் குறையாமல் விட்டாள். உரத்தை நிறுத்தினாள். வீடு வீடாகப் போய், காய்கறி கழுவிய தண்ணீரை வாங்கிச் சேர்த்துவைத்து, வாரத்துக்கு ஒரே ஒருமுறை, வெயில் ஏறுவதற்குள் ஊற்றினாள்.

"தினமும் நாக்கை மட்டும் நனைச்சா வேர் சோம்பேறியா மேலயே உக்காந்துக்கும் அண்ணி. ஒருதடவை வயிறு நிறையக் குடுத்தா, அப்புறம் அதுவே அடியில தேடிக்கிட்டுப் போகும்" என்பாள். புல் மஞ்சளாகிப் படுத்தது. "சாகல, தூங்குது" என்றாள்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருக்கு அந்த மஞ்சள் பிடிக்கவில்லை. எல்லா வீட்டுக்கும் பொதுவான மொட்டைமாடித் தொட்டியில் வேறு, மாலையில் நிரம்பும் தண்ணீர் விடிவதற்குள் பாதியாகிக்கொண்டிருந்தது. கூட்டம் போட்டார். அறுபது வீட்டுக்காரர்களையும் உட்கார வைத்து, இவளை மட்டும் நிற்க வைத்தார்.

"தொட்டி வால்வைத் தொடறது இவதான். தண்ணிய வெளிய வித்துட்டா. அதான் புல்லு காயுது. வேற யாரு?" என்றார்.

ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே? ஊஹூம். அன்றே வேலை போயிற்று. பஞ்ச காலத்தில் தண்ணீர் திருடி என்று பெயர் எடுத்தவளை எந்தத் தோட்டத்தில் சேர்ப்பார்கள்? வேலை கேட்டு ஏறிய படியெல்லாம் வெறுங்கையோடு இறங்கினாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து, தேய்த்த துணியைக் கொடுக்கச் செயலாளர் வீட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். ஆள் உயரச் சுவர். உள்ளே பச்சைப் பசேலென்று புல். வாயைப் பிளந்துவிட்டேன்.

"பிளாஸ்டிக் புல்லும்மா. தண்ணியே வேணாம். மிதிக்காம ஓரமாப் போ" என்றார் அவர்.

நானும் ஒரு மடச்சி, நம்பிக்கொண்டு வந்து அவளிடம் அதிசயம் போலச் சொன்னேன்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். "மிதிச்சீங்களா அண்ணி? கால்தடம் நின்னுச்சா?"

"இல்லையே, உடனே நிமிந்துடுச்சு. கால்கூட ஈரமாச்சு."

என் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். குதிகால் வெடிப்பில் ஒரு புல் துணுக்கு ஒட்டியிருந்தது. நகத்தால் கிள்ளி, கசக்கி, முகர்ந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். "பிளாஸ்டிக் இல்ல அண்ணி, தினமும் தண்ணி குடிக்கிற நிஜப் புல்லு" என்றாள்.

"வா, இப்பவே போய் அவன் மானத்தை வாங்கலாம்" என்று நான் முந்தானையை இழுத்துச் செருகினேன்.

"ஒரு துணுக்கைக் காட்டினா, எங்கயோ புடுங்கிட்டு வந்தோம்னு சொல்லிடுவான். அவன் வாயால வரணும். பொறுங்க."

பதினெட்டு நாள் பொறுத்தாள். பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாளாகத் தண்ணீர் லாரியும் வரவில்லை. அறுபது வீட்டுக்காரர்களும் காலிக் குடங்களோடு செயலாளர் வீட்டுக் கொல்லைக் கதவில் போய் நின்றார்கள். அவர் கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு உபதேசம் ஆரம்பித்தார். "சிக்கனம் வேணும். என்னைப் பாருங்க, நான் பிளாஸ்டிக் புல் போட்டுட்டேன்."

அப்போது வந்தாள் என் நாத்தனார். பின்னால் எங்கள் தெரு ஆட்டுக்காரர், எலும்பும் தோலுமாகப் பதினோரு ஆடுகளுடன்.

"சார், ஆடுங்க கொஞ்சம் நிழல்ல நிக்கட்டும். பிளாஸ்டிக்தானே, என்ன ஆகிடப்போகுது?"

ஆடுகள் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. பதினோரு தலைகளும் குனிந்தன.

"ஏம்மா, பிளாஸ்டிக்கைத் தின்னா ஆடு செத்துடும்மா!" என்றார் செயலாளர். சிரிப்பு போல ஒன்று முகத்தில் ஒட்டியிருந்தது.

"என் ஆடு சார், நான் பாத்துக்கறேன்" என்றார் ஆட்டுக்காரர்.

பரக் பரக்கென்று கடிக்கும் சத்தம். அந்த மனிதரால் விரட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. இவள் கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுடுகிற வெயில் காலத்தில் அடியோடு மொட்டையடித்தால், சோம்பேறி வேர்ப் புல் பிழைக்காது என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு கிடா, ஈர மண்ணோடு ஒரு கொத்தை வேரோடு பிடுங்கியது. அவ்வளவுதான், செயலாளர் அலறிவிட்டார்.

"ஐயோ, என் புல்லு! எத்தனை மாசமா விடியறதுக்கு முன்னாடி எழுந்து எழுந்து தண்ணி விட்டு வளர்த்தேன்!"

கூட்டத்தில் யாரோ, "எந்தத் தண்ணி?" என்று கேட்டார்கள். எல்லோரும் அதையே கேட்கத் தொடங்கினார்கள். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

சங்கத் தலைவர் என் நாத்தனாரிடம் வந்தார். "தப்புப் பண்ணிட்டோம் புல்லம்மா. நாளைக்கே வேலைக்கு வந்துடு. முதல்ல அந்த ஆடுங்களை ஓட்டச் சொல்லும்மா, பாவம் அவரு."

"வேலைக்கு வரேன்" என்றாள் அவள். கதவுப் படியில் நிதானமாக உட்கார்ந்தாள். "ஆடு மேயட்டும்."