இன்னும் ஒண்டு கிடக்கு

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இது நடந்தது. திகதியும் நேரமும் தேனுகாவின் கொப்பியில் இருக்கின்றன. கொப்பியில் எழுதாமல் விட்டதை அவள் என்னிடம் சொன்னாள். நாங்கள் எட்டு வருடமாக ஒரே பணிமனையில் வேலை செய்கிறோம். பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்திருந்தால் அவளுக்குப் பிரிவுக்குப் பிரிவு இத்தனை இடமாற்றம் வந்திருக்காது.

தேனுகா பிள்ளைப்பேறு பார்க்கிற அரசாங்க மருத்துவமாது. இரணைமடுவுக்குக் கிழக்கே உள்ள ஒரு குடியேற்றத்திட்டம் அவளுடைய பிரிவு. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், எனக்கும் அங்கே தடுப்பூசி போடப் போகும் வேலை இருக்கிறது.

அந்த ஊரில் அன்னபாக்கியத்தின் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்ற குடும்பம். புருசன் யோகநாதன் நெல் விதைக்கிறவர். மகன் கிருசாந்தன், மருமகள் யதுர்ஷிகா. யதுர்ஷிகாவின் வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள்.

தேனுகா முதன்முதல் அந்த வீட்டுக்குப் போனபோதே அன்னபாக்கியம் விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

"எந்த ஊர் பிள்ளை?"

"தண்ணீரூற்று."

"அங்க ஆற்றை பிள்ளை?"

"அரசாங்கத்தின்ர பிள்ளை, அம்மா" என்றாள் தேனுகா. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆருடைய பிள்ளை என்று கேட்டால் என்ன சாதி என்று அர்த்தம்.

மற்றவர்களுக்குத் தேத்தண்ணி கோப்பையில் வந்தது. தேனுகாவுக்கு மட்டும் நெளிந்த அலுமினியப் பேணியில் வந்தது. அது கிணற்றடியில் ஒரு கம்பியில் தொங்குகிற பேணி. விளிம்பில் கறுத்த அழுக்கு. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் ஈர நாற்றம். 2009 இடப்பெயர்வில் வீடு, அலுமாரி, மாடு எல்லாம் போய்விட்டன. திரும்பி வந்து பார்த்தபோது கிணறும் அந்தப் பேணியும்தான் மிஞ்சியிருந்தனவாம். களவெடுக்க வந்தவனுக்கும் அதைத் தொட மனம் வரவில்லை போலும்.

தேனுகா எழும்பி வெளியே வந்தாள். படலையைத் தாண்டவில்லை, சளார் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். அவள் இருந்த கதிரையை அன்னபாக்கியம் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறப்பிக்கிற கை வேண்டும். அந்தக் கைக்குரிய ஆள் இருந்த கதிரை வேண்டாம். 

2024 நவம்பர் 23, சனிக்கிழமை. யதுர்ஷிகாவை அன்றே ஆசுபத்திரியில் சேர்க்கச் சொன்னாள் தேனுகா.

"இண்டைக்கு அட்டமி" என்றாள் அன்னபாக்கியம். ஞாயிறு கேட்டால் நவமி. திங்கள் மழை பிடித்துக்கொண்டது. செவ்வாய் காலை பாலத்துக்கு மேலால் வெள்ளம் ஓடியது.

செவ்வாய் காலை 11.20. கிருசாந்தன் தொலைபேசியில் அழுதான். "மிஸ், தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுது. அம்புலன்ஸ் பாலத்துக்கு அங்கால நிக்குது. வர ஏலாதாம்."

தேனுகா பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் தங்கியிருந்தாள். கிருசாந்தன் உழவு இயந்திரத்தில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனான். 12.05க்கு வீடு. இரட்டைப் பிள்ளை, முதல் பிரசவம், வீட்டில். ஒன்று பிழையாகப் போனால் மூன்று உயிர். தேனுகாவின் நெஞ்சு அடித்த அடி உழவு இயந்திரச் சத்தத்தை மீறிக் கேட்டதாம்.

முன் வாசலால் விடவில்லை. "பின்னால வா பிள்ளை" என்று அன்னபாக்கியம் கை காட்டினாள். வீட்டில் மூன்று நல்ல அறைகள் இருந்தன. ஆனால் யதுர்ஷிகாவை உரமூட்டை அடுக்கும் அறையில் கிடத்தியிருந்தார்கள். துடக்கு, அதுதான் பிள்ளைப்பேற்றுத் தீட்டு, நல்ல அறையில் படக்கூடாதாம். பலகைக் கட்டிலில் வெறும் உரப்பை. மூலையில் எலிப்புழுக்கை. யூரியா நெடி கண்ணைக் கரித்தது. நிறைமாதக்காரியைக் கொண்டுவந்து போட்ட இடம் அது! தேனுகா தன் பையிலிருந்த சுத்தமான துணிகளை விரித்தாள். பற்களைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

அப்போதுதான் பின் விறாந்தையில் ஒரு பெண் குந்தியிருப்பதைக் கண்டாள். வயது அறுபதுக்கு மேல். மேற்சட்டை இல்லாமல் கட்டிய பழைய சேலை. முழுவதும் நனைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி உதவிக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

"அம்மா, உள்ளுக்கு வராதேங்கோ. இடம் காணாது."

அந்தப் பெண் தலையாட்டினாள். அவளிடமிருந்து நனைந்த கோழி நாற்றமும் பழைய இரத்த நாற்றமும் கலந்து வந்தன. தேனுகா மூக்கைச் சுளித்தாள். அதை அவள் என்னிடம் மறைக்கவில்லை.

12.50. முதல் பிள்ளை. பெண். அழுதது.

1.12. இரண்டாவது, கால் முன்னால். ஆண். அழவில்லை... தேனுகா முதுகைத் தேய்த்தாள்... வாயிலிருந்த சளியை எடுத்தாள்... 1.13க்கு அழுதது.

அன்னபாக்கியம் வாசற்படியிலேயே நின்றாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி. மற்றக் கையால் இடது அடிவயிற்றை அமத்தியபடி. அது அவளுடைய பழக்கம். கனகாலமாக வாய்வுக்கட்டி என்று சொல்லுவாள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கவும் உள்ளே ஒரு அடி வைக்கவில்லை.

1.25. நச்சுக்கொடி முழுதாக விழுந்தது. இரத்தம் கட்டுக்குள் இருந்தது. தேனுகா பெருமூச்சு விட்டாள்.

அப்போது காதுக்குக் கிட்டக் குரல் கேட்டது.

"இன்னும் ஒண்டு கிடக்கு, நாச்சியார்."

திரும்பினாள். விறாந்தையில் குந்தியிருந்தவள் இப்போது அறைக்குள் நின்றாள். எப்போது வந்தாள்? நாச்சியார் என்ற சொல்லைத் தேனுகா கேட்டே பல வருடம். அந்தக் காலத்தில் கூலிக்கு வருகிறவர்கள் வீட்டுக்காரப் பெண்களை அப்படித்தான் கூப்பிடவேண்டும்.

"ரெண்டுதான் அம்மா. ஸ்கானில ரெண்டுதான்."

"இன்னும் ஒண்டு கிடக்கு."

 ஸ்கான் பிழையாகச் சொன்னதே இல்லையா? உள்ளே ஒன்று மிஞ்சினால் யதுர்ஷிகா இரத்தம் போயே செத்துவிடுவாள். கைவைத்துப் பார்த்தாள். கர்ப்பப்பை பந்துபோல இறுகியிருந்தது. கருவியை வைத்துத் துடிப்புக் கேட்டாள். ஒன்றுமில்லை. மறுபடியும் அமத்திப் பார்த்தாள். ஒன்றுமேயில்லை.

"இல்லை" என்று நிமிர்ந்தாள்.

அந்தப் பெண் கட்டிலைப் பார்க்கவில்லை.

வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய இரண்டு கைகளிலும் மணிக்கட்டுவரை இரத்தம்... காய்ந்த இரத்தம். நகத்துக்குள் கறுப்பாக. அவள் எதையும் தொடவில்லையே. பிள்ளைகளைத் தூக்கியது தேனுகா. கொடி வெட்டியது தேனுகா. அப்படியானால் அது...

"ஊத்தைக் கையோட இங்க நிக்காதேங்கோ! வெளியில போங்கோ!"

"நான் உள்ளுக்கே வரேல்லையே பிள்ளை" என்றாள் வாசலில் நின்ற அன்னபாக்கியம்.

1.40. தேனுகா பின் விறாந்தையில் வந்து குந்தினாள். தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள். அந்தப் பெண் எதிரே குந்தியிருந்தாள்.

"தண்ணி" என்றாள்.

தேனுகா போத்தலை நீட்டினாள். அவள் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் குவித்து வாய்க்குக் கீழே பிடித்தாள். தலையைக் குனிந்து காத்திருந்தாள்.

தேனுகா ஊற்றினாள். ஒரு சாண் உயரத்திலிருந்து... படாமல்.

தண்ணீர் அந்தக் கைகளுக்குள் விழுந்தது. கால் போத்தல். அரைப் போத்தல். முழுப் போத்தல்.

அவள் விழுங்கும் சத்தம் கேட்கவில்லை.

சீமெந்துத் தரை காய்ந்து கிடந்தது. ஒரு துளிகூட இல்லை.

கிணற்றடியில் பேணி ஆடியது. டங்...

காற்று இல்லை.

டங்...

டங்...

திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் பார்த்தாள்.

ஒருவரும் இல்லை.

2.15க்கு சிவராசா என்ற குளத்து மீனவர் வள்ளத்தோடு வந்தார். தாயையும் பிள்ளைகளையும் ஏற்றினார்கள். தேனுகா தன்னைத்தானே கட்டிப்பிடித்துக்கொண்டு குந்தியிருந்ததைப் பார்த்துவிட்டு, குளிருகிறதாக்கும் என்று அவர் தன் துவாயைக் கொடுத்தார். அது மீன் நாறியது. ஆனாலும் போர்த்திக்கொண்டாள்.

நடு வெள்ளத்தில் யதுர்ஷிகா கண் திறந்தாள்.

"மிஸ், உங்களோட வந்த அம்மா எங்க?"

"எந்த அம்மா?"

"என்ர தலைமாட்டில நிண்டு நெத்தியைத் தடவினவா. கை சரியான குளிர்."

 3.30க்கு மூன்று பேரும் உயிரோடு ஆசுபத்திரியில் இருந்தார்கள். அதைத் தேனுகா கொப்பியில் எழுதினாள். மற்றதை எழுதவில்லை.

டிசம்பர் 27. வீட்டில் துடக்குக் கழிக்கிற முப்பத்தோராம் நாள். பிள்ளைகளின் நிறை பார்க்கப் போன தேனுகாவுக்கு அன்றும் பேணிதான் வந்தது. கொண்டுவந்த அன்னபாக்கியம் பாதி வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கதிரை கழுவுகிற மனிசியைத் தேனுகாவே தோளில் தாங்கி உழவு இயந்திரத்தில் ஏற்றினாள். நானாக இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

ஆசுபத்திரியில் அன்னபாக்கியத்தை எக்ஸ்ரே படம் எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள். யோகநாதனும் தேனுகாவும் வெளியே ஒரு நீள மர வாங்கில் இருந்தார்கள். ஒரு மாதமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்ததைத் தேனுகா அப்போதுதான் கேட்டாள்.

"ஐயா, யதுர்ஷிகாவுக்குப் பிள்ளை பிறந்த அண்டைக்கு, மேற்சட்டை போடாத ஒரு அம்மா பின் விறாந்தையில இருந்தவா. ஆர் அவா?"

யோகநாதன் தேனுகாவின் கைகளைப் பார்த்தார்.

"கையில ரத்தம் இருந்ததோ?"

"ஓம்."

"தொண்ணூற்று மூண்டாம் ஆண்டு" என்றார். "இதே கார்த்திகை மழை. கிருசாந்தனும் தங்கச்சியும் இரட்டை. மருத்துவிச்சி ஒருத்தி வந்து ஒரு பகலும் ஒரு இரவும் நிண்டு பிறப்பிச்சவள். முடிய, கை கழுவக் கிணத்தடிக்குப் போனவள். எங்கட கிணத்தில அவையள் அள்ளக்கூடாது. ஆரும் அள்ளி ஊத்துமட்டும் கையைக் குவிச்சுக்கொண்டு குந்தியிருந்தவள். நாங்கள் பிள்ளையள் பார்த்த புளுகத்தில, சந்தோசத்தில, மறந்துபோனம். அதில வச்சுப் பாம்பு கொத்திப்போட்டுது."

"ஆசுபத்திரிக்கு ஏத்தேல்லையோ?"

"உழவு மிசினில விதைநெல் ஏத்தியிருந்தது, பிள்ளை. துடக்குச் சீலையோட... எப்பிடி விதைநெல்லுக்கு மேல ஏத்திறது? அவையின்ர ஆக்கள் ஆரும் வந்து தூக்கட்டும் எண்டு பார்த்தம். வர முதல் முடிஞ்சுது."

 அந்த மனிதருக்குப் பக்கத்தில் இருக்கவே தேனுகாவுக்கு உடம்பு கூசியது. எழும்பி நின்றாள்.

"அவவின்ர பேர் என்ன?"

"மருத்துவிச்சி எண்டுதான் கூப்பிடுறது. பேர்... ஆரும் கேக்கேல்லை."

அவர் நெற்றியைத் துடைத்தார்.

"சாகுமட்டும் ஒண்டைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவள். விசம் ஏறிப் பிதற்றுறாள் எண்டு நினைச்சம்."

 மருத்துவிச்சி சொன்னதை யோகநாதன் அப்படியே திருப்பிச் சொன்னார்.

"இன்னும் ஒண்டு கிடக்கு, நாச்சியார்... இன்னும் ஒண்டு கிடக்கு..."

அப்போது டொக்டர் கூப்பிட்டார். உள்ளே அன்னபாக்கியம் கட்டிலில் சாய்ந்திருந்தாள். டொக்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

இடது அடிவயிற்றில்... சின்ன முதுகெலும்பு. மடங்கிய கால்கள். ஒரு பக்கம் நசிந்த தலை.

"அந்த இரட்டைப் பிள்ளையளோட தங்கின மூண்டாவது கரு கர்ப்பப்பைக்கு வெளியில வளர்ந்திருக்கு" என்றார் டொக்டர். "செத்து, சுண்ணாம்பு படிஞ்சு, கல்லாப் போயிருக்கு. அந்த நேரம் ஆராவது வயித்தில கை வச்சுப் பார்த்திருந்தால் தெரிஞ்சிருக்கும்."

கை வைத்துப் பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். அவளைக் கிணற்றடியில் சாக விட்டார்கள். முப்பத்தொரு நாள் துடக்குக் காக்கிற வீட்டுக்காரி முப்பத்தொரு வருடம் அதை வயிற்றில் சுமந்து திரிந்திருக்கிறாள். அதோடுதான் கோயிலுக்குப் போனாள். அதோடுதான் கதிரை கழுவினாள்.

தேனுகா தன் வலது கையைப் பார்த்தாள். ஒரு சாண் உயரத்திலிருந்து படாமல் ஊற்றிய கை. யார் அதற்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்?

அன்னபாக்கியம் தலையை உயர்த்திப் படத்தைப் பார்த்தாள். முகம் கோணியது. சேலைத் தலைப்பை இழுத்து மூக்கைப் பொத்தினாள்.

"சீ! ஆற்றை இது?"

டொக்டர் படத்தைக் கீழே வைத்தார்.

"உங்கடைதான், அம்மா."