ஷெல் சத்தத்தின் மேல் போட்ட பழி

போர்க்காலத்தில் உப்புவெளி என்ற ஊரில் இருந்தோம். செய்தி நேரத்தில், வெளியே கேட்காதபடி ரேடியோவை மெதுவாக வைத்து, நானும் கணவரும் தலையோடு தலை முட்டக் குனிந்திருப்போம். அந்தப் பயத்துக்குள்ளும் எனக்குப் பிடித்த வேளை அது.

அப்போது அவருக்குக் காசநோய். தினமும் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள்.

"இஞ்சேரும், காதுக்குள்ள ஒரே இரைச்சல்," என்றார் ஒருநாள்.

"ஷெல் குண்டு விழுற ஊரில ஆருக்குத்தான் இரையேல்லை? எனக்கும் இரையுது," என்று சிரித்தேன். டொக்டரிடம் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு சில வாரங்கள் ஊர் அமைதியாக இருந்தது. என் காது தெளிந்தது, அவருடையது தெளியவில்லை. ஒரு மாலை, செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே, "ஏன் ரேடியோவை நிப்பாட்டிப்போட்டீர்?" என்று கேட்டார்.

மறுநாள் டொக்டரிடம் ஓடினோம். "இது ஷெல்லால வந்ததில்லை அம்மா. ஊசி மருந்துதான் காதைத் தாக்கியிருக்கு. இன்னும் விட்டிருந்தா முழுக்கப் போயிருக்கும்," என்றவர், உடனே ஊசியை நிறுத்தி வேறு மருந்து தந்தார். போனது திரும்பவில்லை, மிஞ்சியது தப்பியது.

இப்போது எங்களுக்கு எந்த டொக்டர் மருந்து எழுதினாலும், காதைப் பாதிக்குமா என்று விசாரிக்காமல் நான் எழும்புவதில்லை. "அந்த மனுசனை விடுமப்பா," என்பார் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருக்கும் என் கணவர். மெதுவாகப் பேசிய என் குரல் அவர் காதில் விழுந்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.