பக்கத்து அட்டையைச் சுட்டவள்

போடி பஜாரில் எந்தக் கடையில் ஏலக்காய் மூட்டை கைமாறினாலும் அதில் ஒரு பங்கு வியாபாரிகள் சங்கத்துக்குப் போகும். மகமை என்று பேர். அந்த மகமையில் கோயிலுக்குப் பந்தல் போடுவார்கள், ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் வாங்குவார்கள். எழுபத்துநான்காம் வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்து என்.சி.சி.யின் துப்பாக்கி சுடும் அணியையும் சங்கம் தத்தெடுத்துக்கொண்டது. ஏலக்காய்க்கும் தோட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. பேர் கிடைக்கிற இடத்தில் எல்லாம் பெரிய மனிதர்களுக்குச் சம்பந்தம் இருக்கும்.

துப்பாக்கி சர்க்காருடையது. மற்றதெல்லாம் சங்கம்தான். கான்வாஸ் ஷூ, பயிற்சி முடிந்ததும் இலையில் சுண்டல், மதுரைப் போட்டிக்குப் போக வேன்.

அணியில் நன்றாகச் சுட்டவள் இருளம்மாள். பத்தாவது படித்தாள். அவள் தாய் மொக்கம்மாள், சங்கத் தலைவர் பொன்னுராஜின் சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கூலிக்காரி. நாள் முழுக்கக் குனிந்து பொறுக்கியதில் முதுகு நிமிராது. அந்த வேலைக்குத் தானும் போய்விடக் கூடாது என்பதுதான் இருளம்மாளுக்கு ராப்பகலாக நினைப்பு. பெண்களையும் போலீசில் எடுக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. சுடுவதில் முதல் பரிசு வாங்கிய சான்றிதழ் இருந்தால் தேர்வில் அதற்கு மதிப்பு உண்டு என்று பயிற்சி கொடுக்க வந்த ராணுவ சுபேதார் சொல்லியிருந்தார். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பொன்னுராஜின் மகள் பூமாரியும் அணியில் இருந்தாள். நல்ல பிள்ளை. ஆனால் வெடிச் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வாள்.

மதுரையில் சுடுகிற நேரம் வந்தது. எல்லோரும் வரிசையாகக் குப்புறப் படுக்க வேண்டும். எதிரே மண்மேட்டில் ஆளுக்கொரு வட்டம் போட்ட அட்டை. இருளம்மாளுக்கும் பூமாரிக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். அணியைக் கூட்டி வந்த ஜெபமணி டீச்சர் வந்து இருளம்மாளின் காதோரம் குனிந்தார்.

"ஆத்தா இருளு, நீ பூமாரி அட்டையச் சுடு. அவ ஒன் அட்டையச் சுடுவா. அவகிட்டயும் சொல்லியாச்சு."

"அப்ப எனக்கு, டீச்சர்?"

"ஒனக்குத்தான் அடுத்த வருசம் இருக்குல்ல. தலைவரு ஆசப்படுறாக. அவுக மனசு வச்சாத்தான நாம மறுபடியும் இங்கன வர முடியும்? ஒங்க ஆத்தா வேற அவுக கிட்டங்கியில வேல செய்யுறா."

கடைசி வாக்கியத்தை அந்த அம்மாள் சொல்லாமல் இருந்திருக்கலாம். அது இல்லாமலே பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. இருளம்மாள் குப்புறப் படுத்தாள், மூச்சைப் பிடித்தாள், பக்கத்து அட்டையைப் பார்த்துச் சுட்டாள். வேண்டுமென்றே மோசமாகச் சுட்டிருக்கலாம். அந்தக் கைக்கு அது தெரியவில்லை. அத்தனை தோட்டாவும் நடுக் கறுப்பில் போய் விழுந்தது.

பூமாரி முதல் பரிசு. இருளம்மாள் கடைசி. அவள் பேருக்கு எதிரே இருந்த அட்டையில் பாதித் தோட்டாவைக் காணோம். திரும்பி வருகையில் பூமாரி ஜன்னலோரத்து இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள்.

போடியில் மேளதாளத்தோடு ஜீப் ஊர்வலம் விட்டார்கள். மாலைகளுக்குள் பூமாரியின் முகமே தெரியவில்லை. கிட்டங்கி வாசலில் நின்று பார்த்த மொக்கம்மாளிடம் யாரோ போட்டி முடிவைச் சொல்லியிருக்கிறார்கள்.

"கடேசியா வந்தியாமே? சங்கத்துச் சுண்டலத் தின்னுபுட்டு இப்படியா சுடுவ? இனி அவுக மொகத்துல எப்படி முழிப்பேன் நான்?" என்று வீட்டில் ஏசினாள்.

"கை நடுங்கிருச்சும்மா" என்றாள் இருளம்மாள். உண்மையைச் சொன்னால் தாய் கிட்டங்கியில் போய்ச் சண்டை போடுவாள், மறுநாள் கூலி இருக்காது. அடுத்த வருஷம் இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த வருஷமும் வந்தது. செலவு செய்கிறவர்கள் நாங்கள், ஆளை நாங்கள்தான் பொறுக்குவோம் என்று சங்கம் கூட்டம் போட்டது. பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். ஜெபமணி டீச்சர் பட்டியலில் இருளம்மாள் பேரைப் படித்ததும் பொன்னுராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போன வருசம் கடேசியா வந்த பிள்ள. எனக்கு ஒண்ணும் இல்ல, ஏழப் பிள்ளைதான். ஆனா இது பொதுப்பணம். நாளைக்கு நாலு பேரு என்னையக் கேள்வி கேப்பாக."

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். இருளம்மாளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"நான் சுட்டது என் அட்டைய இல்லங்க" என்றாள். "பக்கத்து அட்டைய."

பொன்னுராஜ் துடைப்பதை நிறுத்தினார். பூமாரி குனிந்து ஷூ கயிற்றைப் பார்த்தாள். பிறகு பலசரக்குக் கடை சங்கரலிங்கம், ஒன்றும் அறியாதவர், தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"தன் அட்ட எதுன்னே தெரியாத பிள்ள கையிலயா துப்பாக்கியக் குடுத்தீக டீச்சர்? எங்கள்ல யாரையாச்சும் சுட்டு வச்சிருந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். இருளம்மாள் டீச்சரையே பார்த்தாள். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று நம்பினாள்.

ஜெபமணி டீச்சர் திறந்தார். "ஆமாங்க, சின்னப் பிள்ள, தடுமாறிருச்சு" என்றார்.

பேரை அடித்துவிட்டார்கள். படிப்பு முடிந்ததும் இருளம்மாள் அதே கிட்டங்கியில் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்கினாள். எந்தக் காயை எந்தக் குவியலில் போடுவது என்று தடுமாறுகிறவர்களை, 'இருளம்மா மாதிரி பக்கத்து அட்டையச் சுடாத' என்று மேஸ்திரி அதட்டுவான். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துவைப்பாள்.