ரெக்சின் வெட்டிய கத்தரிக்கோல்

எனக்குச் சமையல் தெரியாது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முப்பது வருடமாகப் பெரம்பலூரில் லாரி சீட்டுக்கு உறை தைக்கிறேன். ரெக்சினும் ஸ்பாஞ்சும் எனக்குத் தெரியும். வெண்டைக்காயும் அரிவாள்மனையும் என் மனைவிக்குத் தெரியும். அவள் கொல்லைக் குழாயடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொள்ளும் வரை அப்படித்தான் ஓடியது.

மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், ஆறு வாரம் கையை அசைக்கவே கூடாது என்றார். மறுநாளே திருமழபாடியிலிருந்து அவள் அண்ணன் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறாராம். கட்டுப் பிரிக்கும் வரை தங்கை அவர் வீட்டில் இருக்கட்டுமாம். அவர் கேட்கவில்லை, சொன்னார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. டீயில் சர்க்கரை கூடினாலே கத்துகிற ஆள் நான். ஆனால் போகாதே என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. "போறதுன்னா போ" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டைப்பையில் புடவைகளை எடுத்து வைக்கச் சொன்னாள். வைத்தேன். பை வாயைப் பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கி முடிந்து கதவோரம் நிறுத்தினேன். தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சு அது. லேசில் அவிழாது.

ஞாயிற்றுக்கு ஐந்து நாள் இருந்தது. அதற்குள் வீட்டுச் சமையல் நடக்கிறது என்று காட்டிவிட்டால் அவள் போக வேண்டியதில்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

முதல் நாள் அரிவாள்மனை முன் உட்கார்ந்தேன். எனக்குக் கால் மடங்காது. கொத்தவரங்காயோடு கட்டைவிரலையும் நறுக்கிக்கொண்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்திருந்தால் கத்தியிருப்பேன். சிரிக்கவில்லை, அதுதான் மோசம்.

மறுநாள் கடையிலிருந்து பழைய கத்தரிக்கோல் ஒன்றைக் கொண்டுவந்தேன். சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்து, ரெக்சினுக்கு உதவாமல் டிராயரில் கிடந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. பசை ஒட்டியிருந்த இடத்தை எண்ணெய் விட்டுத் துடைத்து, புளி போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். உப்புத்தாளை நாலு தடவை வெட்டினதும் கூர் வந்துவிட்டது. சும்மா வெட்டிப் பார்த்தேன்.

"வெறுங்கத்திரிய ஆட்டாதீங்க, வூட்ல சண்ட வரும்" என்றாள்.

"இனிமேத்தான் வரணுமா?"

அப்போது சிரித்தாள்.

அன்றைக்கு வெண்டைக்காயை நின்றுகொண்டே சட்டிக்கு மேலே பிடித்து வெட்டினேன். முளைக்கீரையைக் கைப்பிடியாகப் பிடித்து நறுக்கினால் நேராகப் பானைக்குள் விழுகிறது. பலகை வேண்டாம், கத்தி வேண்டாம், கழுவுகிற பாத்திரம் ரெண்டு குறைவு. காய்ந்த மிளகாயை எண்ணெய்க்கு மேலேயே வெட்டினால் கை எரிவதில்லை. முருங்கைக்காய் அதற்கென்றே காய்த்த மாதிரி. தக்காளி மட்டும் நசுங்கியது. அதை முழுசாகக் குழம்பில் போட்டு, வெந்தபிறகு உள்ளே விட்டு வெட்டினேன். உருளைக்கிழங்கைக் கத்தரிக்கோலில் வெட்டலாம் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

அவளுக்கு இடது கையால் சாப்பிடப் பிடிக்கவில்லை. பாதி வயிற்றோடு எழுந்துவிடுவாள். நான் தோசையைத் தட்டிலேயே சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒரு ஸ்பூனைப் போட்டுக் கொடுத்தேன். நாலு தோசை சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளே கறிவேப்பிலை நறுக்குகிறேன் என்று இடது கையில் கத்தரிக்கோலை வாங்கினாள். இலை வெட்டுப்படாமல் மடிந்தது. வலது கைக்குச் செய்த கத்தரிக்கோல் அப்படித்தான் செய்யும். கட்டைவிரலை உள்பக்கம் இழுத்து அழுத்தச் சொன்னேன். ரெண்டு அலகும் ஒட்டிக்கொண்டன, இலை வெட்டுப்பட்டது. பிறகு வீட்டிலிருந்த கறிவேப்பிலை முழுவதையும் வெட்டித் தீர்த்தாள்.

ஆனாலும் பை கதவோரமே இருந்தது. அவளும் அவிழ்க்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மச்சான் வந்துவிட்டார். கையில் ஒரு பை நிறைய ஜிலேபி மீன், கொள்ளிடத்தில் பிடித்தது. செதிலோடும் முள்ளோடும் அப்படியே இருந்தது. வேண்டுமென்றேதான் சுத்தம் செய்யாமல் கொண்டுவந்திருக்கிறார்.

"கொழம்பு வச்சுச் சாப்புட்டுக் கெளம்பலாம் மாப்ள. முடியலன்னா சொல்லுங்க, ஓட்டல்ல வாங்கிக்கலாம்."

நான் மீனைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். மனைவியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜிலேபி மீனின் முதுகு முள் ஊசி மாதிரி. அரிவாள்மனையில் அதைப் பிடித்து அறுப்பதற்குள் கை ரத்தமாகும். கத்தரிக்கோலை வால் பக்கமிருந்து கொடுத்தேன். முள்வரிசை மொத்தமும் ரெக்சின் ஓரம் மாதிரிக் கழன்று வந்தது. பக்கத் துடுப்புகளும் அப்படியே. கரண்டியால் செதிலைச் சுரண்டினேன்.

"சீட்டுத் தைக்கிற கத்திரில மீனறுக்கிற மொத ஆளு நீங்கதான் மாப்ள."

"அறுத்து வாங்காம மீன் கொண்டாந்த மொத ஆளு நீங்கதான் மச்சான்."

வயிற்றைத் திறப்பதுதான் கஷ்டம். உள்ளே பித்தப்பை இருக்கிறது. "பித்து ஒடஞ்சுது, கொழம்ப நாய்கூடத் திங்காது" என்றாள் மனைவி. ஒரு நிமிடம் கை நின்றுவிட்டது. பிறகு, பழைய சீட்டில் தையலைப் பிரிக்கிற மாதிரி செய்தேன். முனையை மேல்பக்கம் பார்த்து வைத்து, மேல்தோலை மட்டும் தூக்கித் தூக்கி வெட்டினால் உள்ளே இருக்கிற ஸ்பாஞ்ச் கிழியாது. குடல் முழுசாக வந்தது. பித்து பச்சையாக, உடையாமல் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மீனிலும் ஒன்றுகூட உடையவில்லை.

குழம்பை அவள் சொல்லச் சொல்ல நான் வைத்தேன். மச்சான் முதல் வாய் வைத்ததும் கசப்புத் தேடுகிற மாதிரி நாக்கைச் சுழற்றினார். மூன்று தடவை சோறு வாங்கினார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். உண்மைதான், தூக்கல்தான்.

கை கழுவிவிட்டு வந்தவர் பையைத் தூக்கப் போனார்.

"அது இருக்கட்டும்ண்ணே. நான் வரல" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். "இருக்கட்டும் மச்சான்" என்று மட்டும் சொன்னேன், அதையும் கத்தித்தான் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "என்ன முடிச்சுங்க இது? ஒத்தக் கையால அவுக்க வரல. வெட்டி வுடுங்க."

நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன்.

"மொதல்ல அதக் கழுவிட்டு வாங்க. பொடவையெல்லாம் மீன் வாடையாயிடும்."

கழுவப் போனேன்.